படம் மெட்ராசுக்கு, அபிப்பிராயம் துடியலூருக்கு

தமிழ் சினிமா கோயம்புத்தூரை விட்டு மெட்ராசுக்குக் குடிபோய்விட்டதாக வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது, ஊருக்குள்ளே பட்சிராஜா இருந்தது, பிறகு இரண்டும் இல்லை, ஆகவே சினிமா போய்விட்டது என்பது அவர்கள் கணக்கு. பாதிதான் சரி. போனது கேமரா, விளக்கு, செட் போடும் பலகை, கதாநாயகி, கதாநாயகியின் அம்மா. அபிப்பிராயம் சொல்லும் இலாகா எங்கேயும் போகவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் கவுண்டம்பாளையம் தாண்டித் துடியலூரில் இறங்கினால் அதன் தலைமை அலுவலகம். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.

இந்த இலாகாவின் சிறப்புப் பிரிவு பின்னணி இசை. பாட்டைப் பற்றி எந்த ஊர்க்காரரும் பேசிவிடுவார், பல்லடத்துக்காரர்கூடப் பேசுவார். பாட்டு முடிந்து, வசனம் தொடங்குவதற்கு முன்னால், கதவு திறக்கிற அந்த இடத்தில் என்ன வாசித்தார்கள், ஏன் வாசித்தார்கள், வாசிக்காமல் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று பஸ்ஸைத் தவறவிட்டுப் பேச ஒரு துடியலூர்க்காரர்தான் வேண்டும். இதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஒருவரும் எழுதாததால் நான் எழுத வேண்டியிருக்கிறது. ஆவணம் இருக்கிற இடத்தில் ஆவணம், இல்லாத இடத்தில் டீக்கடை.

தொடக்கம் ஆவணத்தில் இருக்கிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோவைக்காரர் திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போக, 1905-ல் அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். மாதாமாதம் சம்பளம் வருகிற ரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர் கற்பனைக்கு விடுகிறேன். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆனது. வெரைட்டி ஹால் ரோடு இன்னும் அதே பெயரோடு இருக்கிறது. ரோட்டில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வெரைட்டி என்பது துணிக்கடை சமாச்சாரம்.

மௌனப் படம் என்பது காகிதத்தில்தான் மௌனம். புரொஜெக்டர் கடகடக்கும். திரையில் வருகிற எழுத்தை எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்தக் காலத்துக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவுமாக இரண்டு பேர் உட்கார்ந்து காட்சிக்கு ஏற்ப வாசிப்பதும் உண்டு. குதிரை ஓடினால் வேகமாக, குழந்தை செத்தால் மெதுவாக. தொழிலின் சூத்திரம் இன்றைக்கும் இதுதான், சம்பளம் மட்டும் கூடியிருக்கிறது. துடியலூரிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு படம் பார்க்கப் போன ஒரு பெரியவர் திரும்பி வரும்போது, "கெழவன் சாகறப்ப அந்தத் தபலாக்காரன் கொஞ்சம் எச்சாத் தட்டிட்டானப்பா" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆதாரம் கிடையாது. ஆனால் அவருடைய பேரன்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் படம் பேச ஆரம்பித்தது. பேச ஆரம்பித்தது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான், பாட ஆரம்பித்தது. முப்பதுகளின் நடுவில் மில் முதலாளிகளின் ஊரில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. பஞ்சு உள்ளே போய் நூலாக வெளியே வருகிற மாதிரி, புராணம் உள்ளே போய்ப் பாட்டாக வெளியே வந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் கதாநாயகன் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரத்துக்குத்தான் காட்சி என்று பெயர். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' அங்கே எடுத்த படம். மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அதில் பாட்டுக்குப் பாபநாசம் சிவன், வாத்திய கோஷ்டிக்கு ஜி. ராமநாதன். பாட்டு ஒருத்தர், மற்ற சத்தம் ஒருத்தர் என்று சிங்காநல்லூரில் அப்போதே பாகப்பிரிவினை நடந்துவிட்டது. டெல்லிக்கு இது உறைக்க எத்தனை வருஷம் ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது டிபன் கேரியர் கதைக்கு வருவோம். இது இல்லாமல் கோவையில் யாரும் இசையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதே இல்லை.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன் நடிக்க ஆசைப்பட்டுச் சினிமாவுக்கு வந்தார். நடிப்பு வாய்க்கவில்லை, ஜூபிடர் கம்பெனியில் எடுபிடி வேலை வாய்த்தது. டீ வாங்கி வருவது, சாப்பாடு கொண்டுவருவது, ஆர்மோனியத்தைத் துடைத்து வைப்பது. அங்கே இசையமைப்பாளராக இருந்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. அவர் இல்லாத நேரத்தில் பையன் ஆர்மோனியத்தைத் தொட்டு மெட்டுப் போட்டிருக்கிறான். நாயுடு கேட்டுவிட்டார். அடிக்கவில்லை. மெட்டை எடுத்துக்கொண்டார், யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லிவைத்தார். ஜூபிடர் கோவையைக் காலி செய்துகொண்டு மெட்ராசுக்குக் கிளம்பியபோது முதலாளியிடம் போய், "என் பேரில் வந்ததில் இந்தப் பையன் போட்டதும் இருக்கிறது, இவனைக் கூட்டிப்போங்கள்" என்ற அர்த்தத்தில் சொல்லி அனுப்பிவைத்தார் என்பது எம்.எஸ்.வி. வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லும் கதை. திரையுலகில் மெட்டு எடுத்தவர்கள் நிறைய. எடுத்ததைத் தானாகவே ஒத்துக்கொண்டவர் என்று தேடினால் சுப்பையா நாயுடு பக்கத்தில் நிறுத்த ஆள் கிடைப்பது கஷ்டம். நடிப்பு ஆசை என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: 1998-ல் 'காதல் மன்னன்' படத்தில் மெஸ் நடத்துகிறவராக வந்து பிரமாதப்படுத்தினார். அவசரப்படாதவர்.

இந்தக் கதையால் கோவை வட்டாரத்துக்கு ஏற்பட்ட பாதிப்பு கொஞ்சமல்ல. மெல்லிசை மன்னர் கையால் டீ வாங்கிக் குடித்த சித்தப்பா இல்லாத வீடே துடியலூரில் கிடையாது. அத்தனை சித்தப்பாக்களும் உண்மையென்றால் அவர் காலையிலிருந்து இரவு வரை டீதான் ஊற்றியிருக்க முடியும், ஆர்மோனியத்தைத் தொட நேரமே இருந்திருக்காது. ஆனால் இதிலிருந்து வந்த உரிமை உணர்வு பலமானது. "நம்மூர்ல டீ கொண்டாந்த பையனுங்க, தப்பா வாசிச்சா நாமதானுங்க சொல்லோணும்." எம்.எஸ்.வி.க்கு மட்டும் என்று தொடங்கிய இந்தச் சலுகை, பிற்பாடு பண்ணைப்புரத்துக்காரர், மெட்ராஸ்காரர் என்று பேதமில்லாமல் எல்லா இசையமைப்பாளர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு வேறு ரகம். 1954-ல் 'மலைக்கள்ளன்' எடுத்தார். எம்.ஜி.ஆர்., கருணாநிதி வசனம், இசை நம்முடைய சுப்பையா நாயுடுவேதான். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். ஒரே கதையைத் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஆறு மொழியில் எடுத்துவிட்டுத்தான் கீழே வைத்தார். ஒரு அச்சு செய்துவிட்டால் தேயும்வரை வார்ப்பு எடுப்பது எங்கள் ஃபவுண்டரி தர்மம். இந்திப் பதிப்பு 'ஆசாத்', 1955. திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோயம்புத்தூருக்கே வந்து நடித்தார்கள். இசைக்கு முதலில் நௌஷாத்தைக் கேட்டார் நாயுடு. கேட்டது தப்பில்லை, மொத்தப் பாட்டும் ஒரு மாசத்துக்குள் வேண்டும் என்று சேர்த்துக் கேட்டதுதான் தப்பு. ஒரு பாட்டையே மாசக்கணக்கில் செதுக்குகிற நௌஷாத் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார் என்று பம்பாய்க்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். சி. ராமச்சந்திரா வந்தார், கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தார், பாட்டுகள் பிய்த்துக்கொண்டு ஓடின.

பம்பாயில் இந்தக் கதையை நௌஷாத்தின் கலை கௌரவத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். துடியலூரில் அதே கதை முழுக்க நாயுடு பக்கம். "ஆர்டர் எடுத்தா டெலிவரி தேதி சொல்லோணுமில்லீங்க? மோட்டாருக்கு வார்ப்பு போடறவன் எனக்கு மூடு வரலீன்னு சொன்னா ஒத்துக்குவீங்ளா?" இதற்கு நௌஷாத்திடம் என்ன பதில் இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

ஐம்பதுகளுக்குப் பிறகு ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆனால் காது ஓயவில்லை. உண்மையில் துடியலூர்க் காது பழுத்ததே படம் போன பிறகுதான். காரணம் ரேடியோ.

1966-ல் கோவை வானொலி நிலையம் வந்தது. அதற்கு முன்னாலிருந்தே இலங்கை வானொலி வந்துகொண்டிருந்தது, அப்துல் ஹமீதையும் கே.எஸ். ராஜாவையும் சொந்தக்காரர்கள் மாதிரி பேசுவார்கள். இவற்றில் இசை விமர்சனக் கலைக்கு அடித்தளம் போட்ட நிகழ்ச்சி என்று ஒன்றைத்தான் சொல்வேன்: ஒலிச்சித்திரம். இந்தத் தலைமுறைக்கு விளக்க வேண்டும். ஒரு முழுநீளப் படத்தின் ஒலியை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரத்துக்கு வெட்டி, ரேடியோவில் போடுவார்கள். படம் கிடையாது. சிவாஜி அழுவார், முகம் தெரியாது. நாகேஷ் வழுக்கி விழுவார், தடால் என்ற சத்தம் மட்டும் வரும், வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரு வினாடி தாமதமாகச் சிரிப்பார்கள். யார் வந்தார், யார் போனார், கையில் வைத்திருப்பது பூவா கத்தியா என்பதையெல்லாம் வயலினைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சினிமா இசையைப் படத்திலிருந்து பிரித்துக் கேட்பது உலகத்தில் பல இடங்களில் படித்தவர்கள் செய்யும் உயர்ந்த ரசனை. அதற்குத் தனியாக இசைத்தட்டுப் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்த ஒவ்வொருவரும் அதைச் செய்துகொண்டிருந்தார்கள், இலவசமாக. ஷெனாய் வந்தால் சாவு. வீணை வந்தால் விடிந்துவிட்டது. எல்லா வயலினும் சேர்ந்து ஒரே மூச்சில் மேலே ஏறினால் யாரோ ஒரு கடிதத்தைப் படித்துவிட்டார்கள். டிரம்பெட் ஒன்று தனியாக ஊளையிட்டால் கிளப் டான்ஸ், அம்மாக்கள் உடனே அடுப்படியிலிருந்து குரல் கொடுத்து ஒலியைக் குறைக்கச் சொல்வார்கள்.

இந்தக் காதுக்கு இன்னொரு பயிற்சிப் பட்டறையும் இருந்தது, நிஜமான பட்டறை. துடியலூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் லேத், ஃபவுண்டரி, மோட்டார் ரீவைண்டிங். 1962-ல் பெரியநாயக்கன்பாளையத்தில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்த பிறகு வீட்டுக்கு ஒருவர் ஷிப்டுக்குப் போனார். எந்திரத்தோடு நாள் முழுக்க நிற்கிறவருக்கு எந்திரம் எந்த சுருதியில் ஓடுகிறது என்று தெரியும். அரை இழை பிசகினால் பேரிங் போகப் போகிறது என்று சுவிட்சை அணைத்துவிடுவார். இப்படிப்பட்ட ஆளை இரண்டாம் ஆட்டத்துக்கு உட்கார வைத்தால் சும்மா இருப்பாரா? ஒரு ரீவைண்டிங் கடை அண்ணன் இருந்தார். படத்தில் வயலின் கோஷ்டி எழும்போது ஒரு கையைத் தூக்கிக் காதோரம் வைத்துக்கொள்வார். "பின்வரிசையில ஒருத்தன் கூட வரலீங்க, பாருங்க." நமக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டுவோம். இடைவேளையில் முறுக்கு அவர் கணக்கு.

1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜாவின் வருகையைப் பற்றி இனி புதிதாக எழுத ஒன்றுமில்லை, ஆளுக்கொரு புத்தகம் போட்டுவிட்டார்கள். துடியலூருக்கு அதனால் ஏற்பட்ட நடைமுறைச் சிக்கலை மட்டும் சொல்கிறேன். அதுவரை படத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகலாம். முதலில் பேர்தானே ஓடும். இனிமேல் அது முடியாது. "டைட்டில் மியூசிக் போச்சுன்னா படமே போச்சு" என்ற கட்சி உருவானது. செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற மச்சானை விட்டுவிட்டுப் போனதால் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் பேச்சுவார்த்தை நின்ற கதைகள் உண்டு. நோம்பிக்குத்தான் சேர்ந்தார்கள், அங்கேயும் ரேடியோ செட்டில் போட்ட பாட்டைப் பற்றிச் சண்டை.

அடுத்த சிக்கல், கேசட். கடையில் விற்கிற கேசட்டில் பாட்டு மட்டும்தான் இருக்கும். பாட்டுக்கு வெளியே ராஜா செய்த அட்டகாசம் எதுவும் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ரெக்கார்டிங் சென்டரில் போய் சி-60 கேசட்டையும் பட்டியலையும் நீட்டினால், முதல் பக்கத்தில் ஆறு பாட்டு, இரண்டாம் பக்கத்தில் ஆறு பாட்டு, மிச்சம் இருக்கிற இடத்துக்குக் கடைக்காரர் இஷ்டத்துக்கு ஒரு பக்திப் பாட்டு. "அண்ணா, அந்தப் பொண்ணு ரயிலேறிப் போறப்ப ஒரு குழல் வருமில்லீங்க, அது வேணும்" என்று கேட்டால் வைத்தியரிடம் போகச் சொல்வார். ஆகவே கல்யாண வீட்டுக்கு டெக் வாடகைக்கு வரும்போது, அதிலிருந்து டேப் ரெக்கார்டருக்கு ஒயர் போட்டுக் காட்சியோடு பதிந்துகொண்டார்கள். அந்த நாடாக்களில் உலகத்தரம் வாய்ந்த தந்தி வாத்தியங்களுக்கு நடுவே, "பந்திக்கு முந்துங்க" என்று ஒரு குரல் கேட்கும்.

'முதல் மரியாதை' வந்தது 1985-ல். அந்தப் படத்தில் பெரியவர் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பார், ஊர் சுற்றி நிற்கும், நினைவெல்லாம் பின்னால் ஓடும், அடிக்கடி ஒரு புல்லாங்குழல் வரும். அவருக்கு மூச்சு முட்டுகிறது, அந்த மூச்சையெல்லாம் குழல்காரர் எடுத்துக்கொண்ட மாதிரி. படம் இளையராஜாவுக்குப் பிடிக்கவே இல்லை, பிடிக்காமலேதான் பின்னணி வாசித்துக் கொடுத்தார் என்பது சம்பந்தப்பட்டவர்களே மேடையில் சொன்ன கதை. இந்தச் செய்தி துடியலூருக்கு வந்து சேர்ந்த நாளில் டீக்கடையில் சபை இரண்டாகப் பிரிந்தது.

"புடிக்காதவன் வாசிச்ச மாதிரியாங்க இருக்குது? உசுரக் குடுத்திருக்காரு மனுசன்."

"அதானுங்க. புடிச்சிருந்தா இன்னும் எச்சா வாசிச்சுக் கெடுத்திருப்பாரு."

இரண்டாவது கருத்தைச் சொன்னவர் ரீவைண்டிங் கடை அண்ணன். பின்னணி இசையைப் பற்றி இதைவிட நுட்பமான ஒரு வரியை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. சொல்லிவிட்டு அவர் டீக் காசைக் கொடுக்காமல் போய்விட்டார்.

1986-ல் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை, வி.எஸ். நரசிம்மனின் வயலின், பாட்டே கிடையாது. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் யாரோ ஆர்வத்தில் இந்தக் கேசட்டைக் கொடுத்துவிட்டார்கள். இந்த ரூட்டில் பாட்டுப் போடாத பஸ்ஸில் ஜனங்கள் ஏற மாட்டார்கள், எனவே பஸ்ஸுக்குள் கச்சேரி தேர்வு என்பது டிரைவரின் அரசியல் வாழ்க்கை. ஜி.என். மில்ஸ் வரை வயலின் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டு இதோ வருகிறது என்ற நம்பிக்கை. துடியலூர் நெருங்கும்போது பின்சீட்டுப் பெரியம்மா கண்டக்டரைக் கூப்பிட்டு, "ஏனுங் தம்பி, பாடறவங்களுக்குக் கூலி குடுக்கலயாட்ட இருக்குது" என்றார். கேசட் மாறியது. ஆனால் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், நரசிம்மநாயக்கன்பாளையமே தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து அந்தக் கேசட்டை இரவல் கேட்டான். அதே இசையை பாலுமகேந்திரா 1988-ல் 'வீடு' படத்துக்குப் பின்னணியாகவே எடுத்துப் போட்டபோது, அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்: "நான் பஸ்லயே கேட்டுட்டனுங்க."

'பேசும் படம்' இன்னொரு குழப்பம். 1987. வசனமே இல்லை. இதை வைத்து ஒலிச்சித்திரம் போட வானொலிக்காரர்களுக்கு வழியே இல்லாமல் போனது. படம் முழுக்கத் தாங்கிய இசை எல். வைத்தியநாதனுடையது. துடியலூரில் பாதிப் பேர் இன்றைக்கும் அதை இளையராஜா என்றுதான் சாதிப்பார்கள். அந்தப் பத்து வருஷத்தில் நன்றாக இருந்ததெல்லாம் ராஜா கணக்கில் வரவு வைக்கப்பட்டது. வைத்தியநாதன் போன்ற மேதைகளுக்கு இதனால் நேர்ந்த அநியாயத்தைச் சொன்னால், "இருக்கட்டுமுங்க, அவருக்கும் ராஜா மாதிரின்னு பேருதானே" என்று சமாதானம் சொல்வார்கள். இதற்கு மேல் அடித்தால் கொலை.

அபிப்பிராயம் சொல்வதோடு நிற்காமல் ஒரு கொங்கு நாட்டுக்காரர் வேலையிலேயே இறங்கியதும் இந்தக் காலத்தில்தான். கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் வெள்ளாங்கோயிலைச் சேர்ந்த பாக்யராஜ், 1988-ல் 'இது நம்ம ஆளு' படத்துக்குத் தானே இசையமைப்பாளரானார். உலகமெங்கும் ரசிகர்கள் "இதை நானே இன்னும் நல்லாப் பண்ணுவேன்" என்று சொல்வார்கள், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். இவர் தூங்கவில்லை, ஆர்மோனியம் கற்றுக்கொண்டார். பாட்டுகள் ஹிட் வேறு. இதனால் எங்கள் பக்கத்து ரசிகர்களின் தன்னம்பிக்கை எந்த உயரத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு எந்த விவாதத்திலும், "நீ வாசிச்சுக் காட்டுடா" என்ற கடைசி ஆயுதத்தை யாரும் கையில் எடுப்பதில்லை. ஆள் வாசித்துக் காட்டிவிட்டால் என்ன செய்வது?

1992-ல் இரண்டு விஷயம் நடந்தது. ஜூனில் 'அண்ணாமலை'. திரையில் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து சூப்பர் ஸ்டார் என்று எழுத்தாகும், அதற்கு தேவா ஒரு சத்தம் போட்டார். ஒரு மனிதர் திரைக்கு வருவதற்கு முன்னால் அவர் பெயருக்கே பின்னணி இசை. ஆகஸ்டில் 'ரோஜா'. ரஹ்மானின் சத்தத்தைக் கேட்டதும் ரீவைண்டிங் கடை அண்ணன் முதல்முறையாகக் காதோரம் கையைக் கொண்டுபோகவில்லை. பின்வரிசையில் ஒருவர் பிசகுகிறார் என்று சொல்ல அங்கே பின்வரிசையே தெரியவில்லை. "சவுண்டு நல்லாத்தான் இருக்குது. வாசிக்கறவன் எங்கீங்க?" என்று கேட்டார். அவருடைய பையன் அன்றைக்கே எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டான். மர ஆசாரியிடம் அளவு கொடுத்து ஆளுயரப் பெட்டி செய்து, உள்ளே ஸ்பீக்கர் மாட்டி, 'பம்பாய்' தீம் மியூசிக்கைப் போட்டான். மூன்றாவது வீட்டில் பாத்திரம் உருண்டது. 2005-ல் ஹாலிவுட்டில் 'லார்ட் ஆஃப் வார்' படத்தில் அந்த இசையை எடுத்துப் போட்டார்கள் என்று செய்தி வந்தபோது, அப்பனிடம் போய்ச் செய்தித்தாளை நீட்டினான். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "நம்மாளு வாசிச்சத அவன் எடுத்தா அது பெருமை. அவன் வாசிச்சத நம்மாளு எடுத்தா காப்பி. சரி போ."

டெல்லி சமாச்சாரத்தை மறக்கவில்லை. தேசிய விருதில் பாட்டையும் பின்னணி இசையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது 1994-ஆம் வருஷப் படங்களுக்கு ஒருமுறை தோன்றியது. 'சுக்ருதம்' மலையாளப் படத்துக்காக ஜான்சனுக்குக் கொடுத்தார்கள். பிறகு அந்தத் தோன்றல் போய்விட்டது. 2009-ஆம் வருஷப் படங்களுக்குத்தான் மறுபடி பிரித்தார்கள், 'பழசிராஜா'வுக்காக இளையராஜா வாங்கினார். பிறகு 'தாரை தப்பட்டை'க்கும் அவரே, 'சூரரைப் போற்று'வுக்கு ஜி.வி. பிரகாஷ், 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு ரஹ்மான் என்று வழக்கமாகிவிட்டது. சிங்காநல்லூரில் 1944-ல் முடிந்த பாகப்பிரிவினைக்கு டெல்லியில் பத்திரம் பதிய அறுபத்தைந்து வருஷம். எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தை இனிமேல் யாரும் குறை சொல்லக் கூடாது.

இப்போது துடியலூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. சரவணம்பட்டி ரோட்டில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் காதில் வெள்ளைக் குமிழைச் செருகிக்கொண்டு போகிறார்கள். கோவைக்காரரான ஆதி, ஹிப்ஹாப் தமிழா என்ற பெயரில் இசையமைப்பாளர் ஆகி, நடிகரும் ஆகிவிட்டார். எம்.எஸ்.வி.க்குத் தாமதமாக வாய்த்த வரிசை. உள்ளூர்ப் பையன் என்பதால் இவரைப் பற்றி மட்டும் சபை இரண்டு கருத்து சொல்லும், ஒன்று வெளியூர்க்காரர்கள் முன்னால், மற்றொன்று அவர்கள் போன பிறகு. ஒலிச்சித்திரத்துக்கு வேலை இல்லை, படம் வந்த வாரமே பின்னணி இசையைத் துண்டு துண்டாக வெளியிட்டுவிடுகிறார்கள். யுவனின் ஒரு துண்டு அலாரம், அனிருத்தின் ஒரு துண்டு மனைவி கூப்பிட்டால் அடிப்பது. மேனேஜர் கூப்பிட்டால் என்ன அடிக்கும் என்று ஒரு பையனிடம் கேட்டேன். 'பாட்ஷா' என்றான். யார் பாட்ஷா என்பதில் அவனுக்குத் தெளிவில்லை.

இத்தனை வருஷ அபிப்பிராயத்தில் ஒன்றாவது இசையமைத்தவர்கள் காதுக்குப் போனதா என்று கேட்டால், ஒன்று போனது. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தது. நாயகன் சூர்யா, சூலூர்ப் பக்கத்துச் சிவகுமாரின் மகன், அதாவது சொந்தக்காரப் படம். இசை தேவி ஸ்ரீபிரசாத். முதல் காட்சியிலிருந்தே ஊரெல்லாம் ஒரே புகார்: சத்தம் தாங்கவில்லை. ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியே வெளிப்படையாக வருத்தப்பட்டார். கடைசியில் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா தியேட்டர்காரர்களைக் கூப்பிட்டு ஒலி அளவை இரண்டு பாயிண்ட் குறைக்கச் சொன்னார். சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்து சொன்ன எத்தனையோ அபிப்பிராயங்களில் தொழில்துறை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது என் கணக்குக்கு இது ஒன்றுதான். செய்தி வந்த அன்று சாயங்காலம் ரீவைண்டிங் கடையில் பையன் மட்டும் இருந்தான், இப்போது அவனுக்கே நரைத்துவிட்டது. மேசைமேல் ஒரு சப்மெர்சிபிள் மோட்டார் பிரித்துப் போட்டிருந்தது.

"கேட்டீங்ளாண்ணா, ரெண்டு பாயிண்ட் கொறச்சுட்டாங்களாம்."

உள் அறையிலிருந்து அப்பன் குரல் வந்தது. "கொறச்சது எதைன்னு கேளு. வயலினையா, டிரம்மையா?"

"மொத்தமா கொறச்சுட்டாங்கப்பா."

"மொத்தமா கொறச்சா அது என்றா திருத்தம்? மறுபடியும் போய்ச் சொல்லச் சொல்லு."